பொதுக் காணிக்கு அறிவித்தல் எங்கே?

வடக்கிலுள்ள உள்ளூராட்சி மன்றமொன்று தன் பூங்காக்களுக்கும் விளையாட்டு வெளிகளுக்குமான இணையத்தளத்தைப் புதுக்கி அமைக்கப் போகின்றது. மன்றத்தின் பெயரை நாம் இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் ஏனைய மன்றங்கள் இது தம்மைப் பற்றிய பேச்சன்று என்று எண்ணி நிம்மதியாக உறங்கிவிடும். நாம் கூறப்போவது அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

புதிய தளத்துக்கென முன்வைக்கப்பட்ட மாதிரியை நாம் பார்த்தோம். முகப்பிலே ஒரு நீரூற்று. அதனை அடுத்துத் தவிசாளரின் படமும் வாழ்த்துச் செய்தியும். அதற்குக் கீழே ஊஞ்சலாடும் குழந்தை. அது இந்த நாட்டுக் குழந்தையன்று என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிகின்றது. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நகர்கின்றன. வண்ணத்துக்கும் குறைவில்லை. ஆனால் பூங்கா எத்தனை பரப்பு? அதன் நான்கெல்லை யாது? நில அளவைப் படம் எங்கே? உள்ளே நடக்கும் சிற்றுண்டிச்சாலை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, என்ன தொகைக்குக் குத்தகை விடப்பட்டது? மைதானத்தை ஒரு விளையாட்டுக் கழகம் பெறுவதற்குக் கட்டணம் எவ்வளவு? சென்ற ஆண்டு பூங்காவுக்கென ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவாயிற்று? இவற்றுள் ஒன்றுக்கேனும் ஒரு வரி தானும் அதில் இல்லை.

இணையத்தளம் விளம்பரப் பலகை தானே, பலகையிலே காணிக் கணக்கு எதற்கு என்று மன்றத்தார் நினைக்கக் கூடும். அந்த நினைப்பைத்தான் நாம் எதிர்க்கின்றோம். பொதுப் பூங்கா தவிசாளரின் சொத்துமன்று, செயலாளரின் சொத்துமன்று. அது ஊரவர் எல்லோருக்கும் உரிய காணி. மன்றம் அதன் பராமரிப்பாளர் மட்டுமே. பராமரிப்பாளன் உரிமைக்காரனுக்குக் காட்டவேண்டியது கணக்கேயன்றி நீரூற்றின் படமன்று.

இதிலே புதுமை எதுவுமில்லை. எங்கள் முன்னோர் அறிந்த நீதியே இது. 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, மறு ஆண்டிலே சட்டமாக வெளிவந்த தேசவழமையிற் காணி விற்பனை பற்றிய விதியைப் பாருங்கள். ஒருவன் தன் காணியைப் பிறத்தியாருக்கு விற்பதானால், உரித்தாளருக்கும் உடன்பங்காளிக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் அந்த அறிவித்தல், தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், சனங்கள் கூடும் தேவாலயத்திலே பிரசித்தம் செய்யப்பட்டது. ஏன் தேவாலயத்திலே? அக்காலத்தில் ஊர் கூடிய இடம் அதுவாகையால். கச்சேரி அலுமாரிக்குள் ஓர் ஓலையைப் பூட்டி வைத்துவிட்டு, அறிவித்தல் கொடுத்தாயிற்று என்று சொல்ல அன்று எவருக்கும் துணிவு வரவில்லை.

தனியொருவன் தன் சொந்தக் காணியை விற்பதற்கே இவ்வளவு பிரசித்தம் வேண்டியிருந்தது. ஊர்ப் பூங்காவின் ஒரு மூலையைக் கடைக்கோ கட்டடத்துக்கோ வாகனத் தரிப்பிடத்துக்கோ மன்றம் எடுத்துக் கொடுக்கும்போது, அந்தக் காணியின் உடன்பங்காளிகளாகிய நமக்கு அறிவித்தல் எங்கே? இன்று ஊர் கூடும் இடம் கையடக்கத் தொலைபேசி. அங்கே அறிவியுங்கள் என்பதே எமது கோரிக்கை.

ஆனால் குற்றம் முழுவதையும் மன்றத்தின் தலையிலே சுமத்திவிட்டு நாம் தப்பிவிட முடியாது. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களின் வழக்கேடுகளைப் புரட்டுவோர் காண்பது என்ன? ஒரு முழ வேலிக்காக அண்ணனும் தம்பியும் வழக்காடுகின்றனர். கிணற்றுப் பங்குக்காகத் தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் முடிக்கின்றான். எமது தொழிலுக்கு அது வாழ்வளித்திருக்கின்றது என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும், கதியாலை அரையடி தள்ளி நட்டவனை நீதிமன்றம் வரை இழுக்கும் அதே மனிதர், தன் பிள்ளை விளையாடும் வெளியிலே நாலு பரப்பு குறைந்துபோனாற் கேட்பதில்லை. கேட்பதற்கு அவர் கையில் உறுதியுமில்லை, படமுமில்லை. எவ்வளவு இருந்தது என்று தெரியாதவன், எவ்வளவு போயிற்று என்று எப்படிக் கேட்பான்?

கொழும்புக் காலிமுகத் திடலின் கதையைத் தமிழ் மக்கள் அறிந்திருப்பது அவசியம். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அதன் நடைபாதையை 1859இல் முடித்து, கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நன்மைக்காகத் தமக்குப் பின் வருவோரிடம் அதனை ஒப்படைப்பதாகக் கல்லிலே பொறித்து வைத்தார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சென்றது. நகர அபிவிருத்தி அதிகாரசபை அத்திடலை ஒரு தனியார் கம்பனியின் கையிலே கொடுக்க ஒப்பந்தம் செய்தது. பத்திரிகைச் செய்தியைக் கண்ட சுற்றாடல் மன்றமொன்று, ஒப்பந்தத்தின் பிரதியைத் தாருங்கள் என்று கேட்டது. தர மறுத்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2005ஆம் ஆண்டிலே நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என்ன? ஒப்பந்தம் வலுவற்றது. அத்துடன், தகவலைத் தர மறுத்தமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை வழங்கும் பேச்சுச் சுதந்திரத்தையே மீறியதாகும். அறியாதவன் எதைப் பற்றிப் பேசுவான் என்பதே அதன் நியாயம். தகவல் அறியும் உரிமை 2015இல் 19ஆம் திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பிலும், 2016இல் 12ஆம் இலக்கச் சட்டமாகவும் எழுதப்படுவதற்கு முன்னரே, உயர் நீதிமன்றம் அவ்வுரிமையை ஒரு பொது வெளியின் பொருட்டு ஏற்றுக்கொண்டது.

மூன்று ஆண்டுகளின் பின் வாட்டர்ஸ் எட்ஜ் வழக்கு வந்தது. பொதுத் தேவைக்கென மக்களிடமிருந்து சுவீகரித்த காணி, தனியாரின் கோல்ப் மைதானமாக மாறியிருந்தது. 2008இல் உயர் நீதிமன்றம் அக்கொடுக்கல்வாங்கலைக் கலைத்து, நாட்டின் முன்னாள் சனாதிபதியையே 30 இலட்சம் ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது. ஆட்சியாளர் பொதுச் சொத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளரே என்பது இன்று இந்த நாட்டின் சட்டம். ஆனால் அத்தீர்ப்பு வருவதற்குள் எத்தனை ஆண்டுகள் கடந்தன! காணி கைமாறிய அன்றே அந்தக் கடதாசி எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிடப்பட்டிருந்தால், கோல்ப் மைதானத்தில் முதற் புல்லை நட்டிருக்கவும் மாட்டார்கள்.

காலிமுகத் திடலைப் பற்றிப் பேசும்போது, எமக்கு மட்டும் உரிய இன்னொரு நினைவும் எழுகின்றது. 1956 யூன் 5ஆந் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வநாயகமும் தொண்டர்களும் சத்தியாக்கிரகம் இருந்தது அந்தப் புல்வெளியிலேதான். அங்கேதான் அவர்கள் அடிபட்டனர். அவர்கள் கேட்டதென்ன? ஆட்சி தம்மோடு தமிழிலே பேசவேண்டும் என்பது. 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் தமிழை அரசகரும மொழியென்றும் நிருவாக மொழியென்றும் எழுதிவைத்தன. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை, உள்ளூராட்சி மன்றங்களின் உபவிதிகளும் அறிவித்தல்களும் சுற்றறிக்கைகளும் படிவங்களும் அந்தந்தப் பகுதியின் நிருவாக மொழியில் வெளியாக வேண்டுமென்றும், அவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கவேண்டுமென்றும் விதிக்கின்றது. மூலம் தமிழ், மொழிபெயர்ப்பு ஆங்கிலம். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்.

நாம் பார்த்த மாதிரியிலே நிலைமை தலைகீழ். ஆங்கிலப் பக்கம் முழுமையாக இருக்கின்றது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ், தலையும் காலும் இல்லாமல் நிற்கின்றது. கேள்விப்பத்திர ஆவணம் ஆங்கிலத்தில் மட்டும். உபவிதிகளைத் தமிழிலே காண விரும்பினால், மங்கிய கடதாசியைப் படம்பிடித்துப் போட்டிருக்கின்றனர். அதிலே ஒரு சொல்லைத் தேட முடியாது. கண்பார்வையற்ற ஒருவரின் தொலைபேசி வாசித்துக் கூறவும் முடியாது. படத்திலுள்ள எழுத்து அந்தக் கருவிக்கு வெறும் கறை. இன்னுஞ் சில பக்கங்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியிலே தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தோன்றும். எக்கருவியிலும் தமிழ் தமிழாகத் தெரிவதற்கு ஒருங்குறி வந்து எத்தனையோ காலமாயிற்று. ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முகவரி வைத்துக்கொள்ளும் வசதி 2010ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அதை எத்தனை தமிழ் மன்றங்கள் நாடிப் பெற்றன என்று நாம் வினாவுகின்றோம்.

கொழும்பிலுள்ள திணைக்களமொன்று தமிழைப் பிழையாக எழுதிவிட்டால் அதைப் படமெடுத்து ஊரெல்லாம் பரப்புகின்றோம். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுகின்றோம். நன்று, முறையிடத்தான் வேண்டும். ஆனால் தமிழரே உறுப்பினராயும் தமிழரே உத்தியோகத்தராயும் உள்ள மன்றம், தமிழ் வரியிறுப்பாளனுக்கு ஆங்கிலத்திலே கேள்விப்பத்திரமும் இயந்திரத் தமிழிலே அறிவித்தலும் கொடுக்குமானால், அதற்கு யாரைச் சாடுவது? தந்தை செல்வா கொழும்பின் புல்வெளியிலே கேட்டதை, எங்கள் சொந்தப் புல்வெளிக்கு எங்கள் சொந்த மன்றமே கொடுக்கவில்லை. இதைவிட வெட்கக்கேடு வேறுண்டோ?

இனி, பழைய பூங்காவை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பல்லாண்டு காலம் யாழ்ப்பாணத்தின் அரசாங்க அதிபராக இருந்த பெர்சிவல் அக்லண்ட் டைக் உண்டாக்கிய சோலை அது. டைக் திராட்சை வளர்த்த கதை கமக்காரருக்குச் சுவையானது. குளிர்காலம் இல்லாத நாட்டிலே கொடிக்கு ஓய்வில்லை. ஓய்வில்லாத கொடி நன்கு காய்க்காது. ஆகவே வேரைச் சுற்றிய மண்ணை அகற்றி, வெயிலிலே காயவிட்டு, கொடியை ஓயவைத்துப் பின் காய்க்கச் செய்தார் என்று எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் நூலிலே எழுதியிருக்கின்றார். இன்று திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் எங்கள் தோட்டக்காரருக்குத் தம் தொழிலின் முன்கதை அந்தப் பூங்காவிலே கிடக்கின்றது. அதே பூங்காவுக்குள் இன்று ஆளுநர் செயலகமும் இருக்கின்றது. டைக்கின் காலத்துப் பூங்கா எவ்வளவு, இன்று அதில் மரநிழல் எத்தனை பரப்பு, கட்டடம் எத்தனை பரப்பு, ஒவ்வொரு கட்டடமும் எந்த ஆண்டில் எந்த அதிகாரத்தின் கீழ் எழுந்தது? ஒரு பக்கத்திலே ஒரு படமும் ஓர் அட்டவணையும் போட்டால் முடிந்துவிடும் வேலை. பூங்கா எவருடைய பொறுப்பில் உள்ளதோ அவர் அதைச் செய்யவேண்டும். மன்றத்தின் பூங்காவானாலும் மத்திய அரசின் பூங்காவானாலும் எமது கேள்வி ஒன்றே.

நியூயோர்க் நகரத்துப் பூங்காத் திணைக்களத்தின் தளத்திலே, ஒவ்வொரு பூங்காவிலும் நடக்கும் வேலை வரைபு நிலையிலா, கேள்விப்பத்திர நிலையிலா, கட்டும் நிலையிலா, எத்தனை வீதம் முடிந்தது, பணம் எங்கிருந்து வருகின்றது என்பவற்றை எவரும் பார்க்கலாம். பூங்காக்களைப் பரிசோதித்து இட்ட மதிப்பீடும் அங்கே உண்டு. அது பணக்கார நகரம், நாம் ஏழைகள் என்பார்கள். அட்டவணைக்கு என்ன பணம்? நகரும் படங்களுக்கும் நீரூற்றுக்குந்தான் பணம். எழுத்து மட்டும் உள்ள பக்கம் பழைய தொலைபேசியிலும், சமிக்ஞை குன்றிய வெளிக் கிராமத்திலும், நொடிப்பொழுதிற் திறக்கும். கமக்காரனின் இணையப் பணத்தையும் தின்னாது.

கமக்காரன் இணையத்தளம் பார்ப்பானா என்று ஒரு பொறியியலாளர் எம்மிடம் கேட்டார். தம்புள்ளைச் சந்தையிலே வெங்காயம் என்ன விலை என்று விடியமுன் தொலைபேசியில் அறிந்துகொண்டு லொறி ஏற்றுபவன் கமக்காரன். அவன் பாராதது தனக்குப் பயனற்ற பக்கத்தை மட்டுமே.

இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றனர். அரசியல் தீர்வு இல்லை, பறிபோன காணிகள் விடுபடவில்லை, இந்த நேரத்தில் பூங்காவா பெரிது என்று இவர்கள் கேட்பார்கள். எம்மவரே இப்படிக் கேட்கும்போது எமக்கு வியப்பு உண்டாகின்றது. இராணுவத்தின் கையிலும் திணைக்களங்களின் கையிலுமுள்ள காணிக்கு உறுதியையும் படத்தையும் காட்டி நீதி கேட்கும் நாம், எமது கையிலுள்ள பொதுக் காணிக்கு உறுதியும் படமும் எங்கே என்று கேட்கக்கூடாதா? மாகாணத்துக்குக் காணி அதிகாரம் வேண்டும் என்கின்றோம். வேண்டும், அதில் எமக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. நாளை அந்த அதிகாரம் வந்தால் அதை எவ்வாறு கையாளுவோம் என்பதற்கு, இன்று ஒரு பூங்காவைக் கையாளும் விதமே சாட்சியாக நிற்கும். எதிரியின் வழக்கறிஞர் முதலிலே அழைக்கும் சாட்சியும் அதுவே.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, உள்நாட்டுப் பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வேலைத்திட்டங்களைப் பற்றி, அவை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியோருக்கும் அறிவிக்க வேண்டுமெனப் பணிக்கின்றது. அந்தக் கடமை அமைச்சர் மீது விதிக்கப்பட்டது, மன்றத்தின் மீதன்று என்று செயலாளர் ஒருவர் வாதிக்கக் கூடும். சட்டத்தின் சொல்லைப் பிடித்துத் தொங்குவது எமது தொழிலாகையால் அவ்வாதத்தைக் கேட்டு நாம் சிரிக்கமாட்டோம். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தினால் மட்டுமே ஊரவருக்கு உண்மை சொல்வோம் என்று கூறும் மன்றம், வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்தபோது அதை ஏன் சொல்லவில்லை?

மேலும் ஒன்று. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆந் திகதி. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. செயலாளர்களும் ஆணையாளர்களுமே மன்றங்களை நடத்தினர். அக்காலத்தில் எந்தப் பூங்காவில், எந்த மைதானத்தில், எவருக்கு எந்த அனுமதி வழங்கப்பட்டது? தவறு நடந்தது என்று நாம் கூறவில்லை. நடந்ததா இல்லையா என்பதை அறிவதற்கு வழியில்லை என்றே கூறுகின்றோம். புதிய உறுப்பினர்கள் முதன்முதலிலே வெளியிடவேண்டிய பட்டியல் அதுவே. அவர்களுக்கு அதிலே பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் அப்போது பதவியில் இருக்கவில்லையே.

புதிய தளத்தை அமைக்கும் ஒப்பந்தம் இன்னும் கைச்சாத்தாகவில்லை என அறிகின்றோம். எனவே காலம் உண்டு. தளத்தின் மாதிரியை வாசிகசாலைகளிலும் கமக்காரர் அமைப்புகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் தமிழிலே காட்டி, மக்கள் சொல்வதைக் கேட்ட பின்னரே மன்றம் அதனை ஏற்கவேண்டும். தமிழ்ப் பக்கத்தை எழுதுவதற்கு ஊரிலே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இல்லையா? இயந்திரத்தை விட அவர் நன்றாகவே எழுதுவார், தவிசாளரின் வாழ்த்துச் செய்தியையும் சுருக்கித் தருவார்.

மன்றம் இதற்கு இணங்காவிடின், வாசகர்கள் செய்யக்கூடியது உண்டு. மன்றத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அச்சடித்த படிவம் கட்டாயமில்லை. உங்கள் ஊர்ப் பூங்காவின் பெயரைக் குறிப்பிட்டு, அதன் நில அளவைப் படத்தின் பிரதியையும், 2023 மார்ச்சின் பின் அதில் வழங்கிய குத்தகைகள், அனுமதிகள் என்பவற்றின் பிரதிகளையும், சென்ற ஆண்டின் வரவு செலவையும், புதிய இணையத்தளத்துக்கான கேள்விப்பத்திர ஆவணத்தையும் கேளுங்கள். காரணம் எதுவும் கூறவேண்டியதில்லை. ஏன் கேட்கின்றாய் என்று வினவும் அதிகாரம் அலுவலருக்கு இல்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் தீர்மானத்தைத் தெரிவிக்கவேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, 14 நாட்களுக்குள் அதே மன்றத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு; அங்கும் நீதி கிடையாவிடின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. கடிதத்தைத் தமிழிலே எழுதுங்கள். நேரிலே கொடுத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாத விண்ணப்பம் காணாமற் போவது எங்கள் அலுவலகங்களிலே பழைய வழக்கம்.